துயர நாளில் பள்ளிக் கதவை அடைக்காதீர்!



நாட்டுக்குப் பெருந்துயர் ஒன்று வந்துற்ற நாளில் நம் பள்ளிகள் செய்வது யாது? நீள மணியடிப்பர், மாணவரைத் திடலில் நிரல்பட நிறுத்துவர், இரண்டு மணித்துளி வாய்மூடி நிற்கச் செய்வர், பின்னர் 'இன்று பள்ளி விடுமுறை' என்பர். பிள்ளைகள் ஆரவாரத்தோடு வெளியே ஓடுவர். துயர நாள் விளையாட்டு நாளாக முடியும். நாம் நம் கடன் கழிந்ததென்று பூட்டைப் பூட்டிக்கொண்டு வீடு திரும்புவோம்.

முப்பதாண்டுக்கு மேலாகத் தமிழ் கற்பித்துவரும் யான் சொல்கின்றேன்: இது துயர் காப்பதன்று; துயரினின்று தப்பியோடுவது. ஆசிரியன் எந்த நாளில் மாணவனுக்கு மிகுதியும் வேண்டப்படுகின்றானோ, அந்த நாளிலேயே அவனைக் கைவிட்டு விடுகின்றோம். இதனை யான் நூலிற் கற்றுச் சொல்லவில்லை. ஒரு நாளில், ஒரு வகுப்பறையில், என் பிழைகளாலும் என் மாணவர்தம் வினாக்களாலும் கற்றுக்கொண்டு சொல்கின்றேன்.

அந்நாள் 2004 சூலைத் திங்கள் 16, திருவள்ளுவராண்டு 2035. வெள்ளிக்கிழமை. ஆடி பிறக்கும் பருவம். அன்று யான் மேடவாக்கத்தை அடுத்த பள்ளியொன்றில் ஏழாம் வகுப்பிற்குத் தமிழாசிரியனாக இருந்தேன். அன்றைய மேடவாக்கம் இன்றைய மேடவாக்கம் அன்று. மேம்பாலம் இல்லை, வானளாவும் அடுக்ககங்கள் இல்லை. பள்ளிக்கரணைச் சதுப்பின் ஈரக்காற்று தடையின்றி ஊருக்குள் வரும். வயல்களில் மனைக்கற்கள் நடப்படத் தொடங்கியிருந்த காலம். எம் பள்ளியில் கட்டடம் போதாமையால் இரண்டு வகுப்புகள் கீற்றுக் கொட்டகையில் நடந்தன. சவுக்குக் கழி, தென்னங்கீற்று, மண்தரை. அதனை அடுத்து இருபது அடித் தொலைவில் நண்பகலுணவுச் சமையற்கூடம். அதற்கும் கீற்றே கூரை. ஆடிக் காற்றில் அக்கூரைகள் சலசலக்கும் ஓசையைப் பாடத்தோடு பாடமாகக் கேட்டுப் பழகியிருந்தோம். அவ்வோசையில் அச்சப்படுவதற்கு ஒன்றுண்டு என்று அதுகாறும் எவரும் எண்ணியதில்லை.

உணவு வேளையில் வீட்டுக்குச் சென்று திரும்பிய மாணவன் ஒருவன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "ஐயா, குடந்தையில் பள்ளிக்கூடம் எரிந்துவிட்டதாம். சின்னப் பிள்ளைகள் எல்லாரும் செத்துப்போனார்களாம். தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள்" என்றான். அவன் அதனைச் சொல்லி முடிக்கும் முன்னரே அச்செய்தி பள்ளி முழுதும் பரவிவிட்டது. ஒருவன் ஐம்பது என்றான். ஒருவன் ஐந்நூறு என்றான். எவரோ வேண்டுமென்றே கொளுத்தினர் என்றான் மற்றொருவன்.

நடந்தது இதுவே. குடந்தை, அஃதாவது கும்பகோணம், காசிராமன் தெருவில், ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நெருக்கியடித்து நடத்தப்பட்டன. அன்று முற்பகலில் நண்பகலுணவு சமைத்த கூடத்தில் பற்றிய தீ, மாடியில் வகுப்புகளுக்கு மேலே வேயப்பட்டிருந்த கீற்றுக் கூரைக்குத் தாவியது. எரியும் கூரை குழந்தைகளின் மேல் சரிந்தது. இறங்குவதற்கு இருந்தது ஒடுங்கிய படிக்கட்டு. தொடக்க வகுப்புகளில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டிருந்த 94 குழந்தைகள் மாண்டனர். தமிழ்நாடே அன்று தன் பிள்ளைகளைப் பறிகொடுத்தது. போரன்று, கொள்ளைநோயன்று, புயலன்று. ஒரு பள்ளி நாளில், ஆசிரியரை நம்பிப் பெற்றோர் விட்டுச்சென்ற இடத்தில் நேர்ந்த கொடுமை அது. ஆகவேதான் அந்நாள் ஆசிரியர் ஒவ்வொருவர் நெஞ்சையும் சுட்டது, சுட வேண்டும்.

எம் தலைமையாசிரியர் நல்லவர். அவரும் வழக்கப்படி மணியடிக்கச் சொன்னார். யான் அவரிடம் சென்று ஒரே ஒரு மணிநேரம் கேட்டேன். "பிள்ளைகள் அரைகுறைச் செய்தியோடு தெருவுக்குப் போகின்றார்கள், வீட்டில் தொலைக்காட்சி ஓயாமல் அப்பிணங்களைக் காட்டிக்கொண்டிருக்கும், ஒரு மணிநேரம் அவர்களோடு இருந்துவிட்டு அனுப்புவோம்" என்றேன். அவர் சற்றே எண்ணிப் பார்த்து ஒப்பினார்.

அவ்வாறு கேட்கும் துணிவு எனக்கு எங்கிருந்து வந்தது? 1983-ஆம் ஆண்டிலிருந்து வந்தது. அவ்வாண்டு யான் தாம்பரத்தில் எட்டாம் வகுப்பு மாணவன். ஈழத்தில் கறுப்பு சூலை. கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தன. வெலிக்கடைச் சிறையில் சூலை 25, 27 ஆகிய இரு நாள்களில் 53 தமிழ்ச் சிறையாளர்கள் கொல்லப்பட்டனர். செய்தி வந்த நாளில் எம் தமிழாசிரியர் பாடநூலை மூடி வைத்தார், சுவரில் நிலப்படத்தை மாட்டினார், "நீங்கள் கேள்விப்பட்டதை முதலில் சொல்லுங்கள், அதன்பின் எனக்குத் தெரிந்ததைச் சொல்கின்றேன்" என்றார். நாங்கள் சொன்னவற்றுள் மெய்யையும் பொய்யையும் பிரித்துக் காட்டினார். இறுதியில் அவர் சொன்ன ஒன்றை இன்றும் மறந்திலேன். அண்டை வீட்டுத் தமிழரைத் தம் வீட்டில் ஒளித்துக் காத்த சிங்களரும் உளர். கொடுமை செய்தவன் யார், செய்யவிட்டவன் யார் என்று பிரித்தறிந்து சினங்கொள்ளுங்கள். எல்லார் மேலும் பாயும் சினம் எவரையும் திருத்தாது என்றார். பதின்மூன்று அகவைச் சிறுவனாகிய யான் அன்று வீட்டுக்குப் போகும்பொழுது துயரத்தோடு போனேன். ஆனால் குழப்பத்தோடு போகவில்லை. ஆசிரியன் செய்யக் கூடியது அதுவே என்று பின்னாளில் உணர்ந்தேன்.

ஆயினும், 2004-இல் யான் என் ஆசிரியரைப் போல் செய்தேனல்லேன் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வகுப்புக்குள் நுழைந்ததும் யான் செய்த முதற்பிழை, சொற்பொழிவைத் தொடங்கியது. ஆட்சியாளரின் அசட்டையைச் சாடினேன். கல்வியை விற்கும் கொள்ளையரைச் சாடினேன். சொன்னவை யாவும் மெய்யே. ஆனால் பன்னிரண்டு அகவைப் பிள்ளைகளின் கண்கள் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே இருந்த கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவர்களுடைய அச்சம் ஓரிடத்தில் இருந்தது. என் வெகுளி வேறிடத்தில் இருந்தது. நான் எனக்காகப் பேசிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது பிழை அதனினும் பெரிது. பேச்சை நிறுத்திவிட்டு, ஒவ்வொருவராக எழுந்து தத்தம் உணர்வைச் சொல்லுமாறு பணித்தேன். நான்காவதாக எழுந்த மாணவி ஒருத்தி வாய் திறவாமல் நின்றாள். "சொல்லம்மா" என்று வற்புறுத்தினேன். அவள் விம்மிக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள். அவளுடைய சித்தி வாழ்வது குடந்தையில் என்பதும், அங்கே அவளுக்குச் சின்னஞ்சிறு தம்பி தங்கையர் உண்டு என்பதும், அவர்கள் எந்தப் பள்ளியில் படித்தனர் என்பது அவளுக்குத் தெரியாதென்பதும் பின்னரே எனக்குத் தெரிந்தன. அழுகை கேட்டு வாங்கும் பொருளன்று. வருவாரிடத்து வரும், வரும்பொழுது வரும். அதற்கு இடம் தருவதே ஆசிரியன் வேலை. இழுத்து வருவது அன்று.

அவளைத் தேடி வெளியே சென்ற யான் கண்ட காட்சி என்னை நிறுத்திவிட்டது. தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் அவள் எம் சமையலம்மாவின் மடியில் தலை வைத்து அழுதுகொண்டிருந்தாள். சமையலம்மாவும் அழுதுகொண்டிருந்தார். அவர் அழுகைக்கு வேறொரு கரணியமும் இருந்தது. "ஐயா, அடுப்பிலிருந்துதான் தீ வந்ததாமே. பிள்ளைகள் என்னையே பார்க்கின்றார்கள். வாசலில் நிற்கும் தாய்மார்களும் என்னையே பார்க்கின்றார்கள். நான் என்ன செய்வேன்?" என்றார்.

அப்பொழுதுதான் எனக்கு என் ஆசிரியரின் நிலப்படம் நினைவுக்கு வந்தது. சினம் வழிதவறிக்கொண்டிருந்தது. நாள்தோறும் நூறு பிள்ளைகளுக்குச் சோறிடும் ஏழைப்பெண் ஒருத்தியின் மேல் அது பாயப் பார்த்தது. அதனைத் திருப்புவது யார்? மணியடித்து அனுப்பியிருந்தால், அன்று மாலைக்குள் அவ்வம்மையார் ஊரின் கண்ணில் கொலைகாரியாகியிருப்பார்.

அவரை வகுப்புக்குள் அழைத்து வந்தேன். அதற்குள் செய்தி கேட்டு ஓடிவந்திருந்த தாய்மார் சிலரையும் உள்ளே அழைத்துப் பின்வரிசையில் அமரச் செய்தேன். அந்த மாணவி தன் தோழியின் அருகே அமர்ந்தாள். அவளை யான் ஒன்றும் கேட்கவில்லை. "சமையலம்மா எவ்வாறு அடுப்பு மூட்டுகிறார், எவ்வாறு அணைக்கிறார் என்று அவரையே கேளுங்கள்" என்றேன். அவர் நடுங்கும் குரலில் தொடங்கி, வரவரத் தெளிவாகச் சொன்னார். எரிவளி இல்லை, விறகு அடுப்பு. ஈர விறகாயின் பொறி தெறிக்கும். காற்றடிக்கும் நாளில் ஒரு குடம் நீரைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார். கூரையை மாற்றித் தருமாறு அவர் இருமுறை கேட்டிருந்தார்; ஒருவரும் செவிசாய்க்கவில்லை. பிள்ளைகள் வாய் திறவாமல் கேட்டனர். ஒரு மாணவன் எழுந்தான். "அப்படியானால் அடுப்பு தப்பில்லை ஐயா, அடுப்புக்குப் பக்கத்தில் ஓலை இருப்பதுதான் தப்பு" என்றான். பின்வரிசையில் இருந்த தாய்மார் தலையசைத்தனர். நான் செய்த சொற்பொழிவு முழுதும் செய்யாததை அச்சிறுவனின் ஒரு தொடர் செய்தது.

அதன்பின் கரும்பலகையில் மூன்று சொற்களை எழுதினேன்: அழுகை, அச்சம், வெகுளி. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் கூறிய எண்வகை மெய்ப்பாடுகளுள் இவை மூன்று. அழுகைக்கு அவர் நான்கு நிலைக்களன்களைக் கூறுகின்றார்: பிறரால் இகழப்படும் இளிவு, இழந்துபோன இழவு, முன்னிருந்த நிலை கெடும் அசைவு, வறுமை. "உங்கள் நெஞ்சில் இப்பொழுது இம்மூன்றனுள் எது மிகுதி என்று வாயாற் சொல்ல வேண்டா, விரும்பினால் ஏட்டில் எழுதுங்கள், விரும்பாவிட்டால் எழுத வேண்டா" என்றேன். ஏறத்தாழ எல்லாரும் எழுதினர். பெரும்பாலோர் எழுதியது அச்சம். அந்த மாணவி எழுதியதும் அதுவே. பெயரில்லாத பேய்தான் இருட்டில் பெரிதாகத் தோன்றும். பெயரிட்டு அழைத்தால் அதன் அளவு தெரிந்துவிடும். உள்ளத்தின் கொந்தளிப்புக்குப் பெயர் சூட்டிப் பிரித்து வைத்த மொழி நம் மொழி. அதனைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்வித்தோமே ஒழிய, வாழ்வுக்குப் பயன்படுத்திக் காட்டினோமா?

இங்கே இரண்டு மணித்துளி அமைதியைப் பற்றியும் ஒன்று சொல்வேன். இவ்வழக்கம் முதல் உலகப் போருக்குப் பின், 1919-இல், ஆங்கிலேயர் தம் பேரரசு முழுதும் பரப்பியது. அவர்கள் வழக்கம் அவர்களுக்குப் பொருந்தும். நம் வழக்கம் வாய்மூடி நிற்பதன்று. இழவு வீட்டில் அடுப்பெரியாது. அண்டை வீட்டார் சோறு கொண்டுவருவர். பெண்டிர் கட்டியழுது ஒப்பாரி வைப்பர். போனவனின் பெயரும் குணமும் செயலும் அவ்வொப்பாரியில் வரும். புலவர் அதனையே கையறுநிலை என்னும் துறையாக்கினர். கூடியிருத்தல், உரக்கச் சொல்லுதல், சோறு கொடுத்தல்: இம்மூன்றும் தமிழர் துயர் ஆற்றும் முறை. நம் பள்ளிகளோ கூட்டத்தைக் கலைக்கின்றன. வாயை மூடச் சொல்கின்றன. பிள்ளையைத் தனியே தொலைக்காட்சிக்கு முன் உட்கார அனுப்புகின்றன. மூன்றும் தலைகீழ்!

புறநானூற்றில் பாரி மகளிர் பாட்டு உண்டு. மூவேந்தரும் சூழ்ந்து பறம்பைக் கொண்டபின், தந்தையை இழந்த அப்பெண்கள் பாடியது அது. அருகில் கபிலர் இருந்தார், பெரும்புலவர். அவரும் பாரியின் பிரிவைப் பாடினார். ஆனால் 'நான் பாடிவிட்டேன், போதும்' என்று அவர் அப்பெண்களின் வாயை அடைக்கவில்லை. ஐந்தடியில் அமைந்த அவர்தம் எளிய பாட்டு, பெரும்புலவர் பாட்டுகளோடு ஒப்ப வைத்துக் காக்கப்பட்டு இன்றும் நிற்கின்றது. கபிலர் அதனோடும் நின்றாரல்லர். அப்பெண்களை உடனழைத்துக்கொண்டு விச்சிக்கோவிடமும் இருங்கோவேளிடமும் சென்று அவர்களுக்கு வாழ்வு கேட்டார். அவ்வேந்தர் மறுத்தும் தளராது நடந்தார். துயருற்ற பிள்ளைகளுக்கு ஆசிரியன் யாராக இருக்க வேண்டும் என்று கேட்பார்க்கு யான் கபிலரைக் காட்டுவேன். அவர் பேசவும் விட்டார். உடன் நடக்கவும் செய்தார்.

உடன் நடப்பதாவது என்ன? அழுதபின் செய்வதற்கு ஒரு வேலை வேண்டும். அன்று யான் கேட்ட ஒரு மணிநேரம் இரண்டு மணிநேரமாயிற்று. பிள்ளைகளை நான்கு குழுவாக்கிப் பள்ளியைச் சுற்றிவரச் செய்தேன். ஒரு குழு வாயில்களை எண்ணியது. ஒரு குழு அடுப்புக்கும் கொட்டகைக்கும் இடையே அடியளந்தது. ஒரு குழு கிணற்றிலிருந்து நீர் கொண்டுவர எவ்வளவு நேரமாகும் என்று பார்த்தது. ஒரு குழு கொட்டகையிலிருந்து எல்லாரும் வெளியேற எவ்வளவு நேரமாகும் என்று வெளியேறியே பார்த்தது. அவற்றையெல்லாம் தொகுத்து ஊராட்சித் தலைவர்க்கு ஒரு மடல் எழுதினர். தூய தமிழ், பிழையற்ற தமிழ், அஞ்சாத தமிழ். 'சமையற்கூடத்தை அப்பால் மாற்றுக. கீற்றை எடுத்துவிடுக' என்பதே சாரம். அடுத்த கிழமைக்குள் அடுப்பு மதிலோரம் மாற்றப்பட்டது. பின்னர்ப் பள்ளிகளின் கீற்றுக் கூரைகளை அகற்றுமாறு அரசாணை வந்தது. எம் கொட்டகையும் போயிற்று. அரசாணையால் போயிற்றென்று பெரியவர்கள் சொல்வர். தங்கள் மடலால் போயிற்றென்று அப்பிள்ளைகள் இன்றும் சொல்வர். அவர்கள் நம்பிக்கையை யான் திருத்தவில்லை.

அந்த மாணவியின் சித்தி மக்கள் வேறொரு பள்ளியில் படித்தனர் என்ற செய்தி மறுநாள் தொலைபேசியில் வந்தது. அவள் ஓடிவந்து சொன்னாள். மகிழ்ந்தோம். ஆனால், அச்செய்தி வாராத வீடுகள் குடந்தையில் எத்தனை என்பதை எண்ணி அம்மகிழ்ச்சியும் பாதியிலேயே நின்றுவிட்டது.

சில திங்கள் கழிந்தபின் பள்ளிக்குத் தீயணைப்பு உருளை ஒன்று வந்தது. செந்நிறம் பூசிய அவ்வுருளையின் மேல் அதனை இயக்கும் முறை முழுதும் ஆங்கிலத்தில் இருந்தது! தீப்பற்றினால் முதலில் அதனைக் கையிலெடுக்க வேண்டியவர் சமையலம்மா. அவருக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். தீ அவர் ஆங்கிலம் கற்கும் வரை காத்திருக்குமா? மாணவர் நான்கு வரிகளைத் தமிழில் எழுதி அதன்மேல் ஒட்டினர்: முள்ளைப் பிடுங்கு; குழலை நெருப்பின் அடிப்பகுதிக்கு நேரே பிடி; கைப்பிடியை அழுத்து; இரு பக்கமும் அசைத்து வீசு. தமிழ் வேண்டும் என்று நாம் கேட்டால் மொழிவெறி என்பார் உளர். அவர்களை அவ்வுருளையின் முன் நிறுத்திக் கேட்க வேண்டும்: உயிர் காக்கும் சொல் ஊரார் மொழியில் இருக்க வேண்டும் என்பது வெறியா?

மாணவன் ஒருவன் அன்று கேட்ட வினாவிற்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை. "இதற்குக் கரணியமானவர்களை என்ன செய்வார்கள் ஐயா?" என்றான். பொய்யுரைத்து ஆற்ற யான் விரும்பவில்லை. "வழக்கு நடக்கும், நாளாகும், நாம் மறக்காமல் இருக்க வேண்டும்" என்றேன். முறைமன்ற நடுவராயிருந்த கே. சம்பத் தலைமையில் உசாவல் ஆணையம் அமைந்தது. 2009 ஏப்பிரல் 13-இல் இந்திய உச்ச வழக்குமன்றம், அச்சமின்றிப் படிப்பதற்குரிய காப்பான பள்ளி குழந்தையின் கல்வியுரிமையுள் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. தஞ்சை வழக்குமன்றம் தீர்ப்புரைத்தது 2014 சூலை 30-இல். முழுமையாகப் பத்தாண்டு கழித்து. பள்ளி நிறுவனர்க்கு வாழ்நாட் சிறை விதிக்கப்பட்டது. 2017-இல் உயர் வழக்குமன்றம் அதனைக் குறைத்தது. 2014-இல் தீர்ப்பு வந்த மறுநாள், வளர்ந்து ஆளாகி வேலைக்குச் செல்லும் இளைஞன் ஒருவன் நாளிதழோடு என் வீட்டு வாயிலில் நின்றான். "நாளாகும் என்றீர்களே ஐயா, பத்தாண்டு ஆகியிருக்கிறது" என்றான். அவன் மறக்கவில்லை. அன்று அவனை இரண்டு மணித்துளி நிறுத்தி அனுப்பியிருந்தால் மறந்திருப்பான்.

நம்மைப் போன்ற சிறு தேசிய இனத்தார்க்கு நேர்ந்ததொன்றையும் ஈண்டு நினைவூட்டுவேன். ஆங்கில மொழியின் நெருக்கலுக்கிடையே தன்மொழி காத்துவரும் வேல்சு நாட்டில், அபர்வான் என்பது ஒரு சுரங்கச் சிற்றூர். 1966 அக்டோபர் 21 அன்று காலை, நிலக்கரிக் கழிவு மேடு சரிந்து அவ்வூர்ப் பள்ளியைப் புதைத்தது. 116 குழந்தைகளும் 28 பெரியவரும் மாண்டனர். துணைத் தலைமையாசிரியர் ஐந்து குழந்தைகளை அணைத்தபடியே இறந்து கிடந்தார். ஆசிரியப் பெருங்குடிக்கே அவர் பெருமை. ஆனால் தப்பிப் பிழைத்த குழந்தைகளோ, பிள்ளையை இழந்தவர் கண்ணில் படக் கூடாதென்று தெருவில் விளையாடவும் தயங்கினர், பேசவும் தயங்கினர். அவருட் பலர் முதுமை வரையிலும் அப்பேசாத துயரைச் சுமந்தனர். பேசாமை ஆற்றாது என்பதற்கு அவ்வூர் சான்று.

எதிர்வாதங்களை யான் அறியாதவனல்லேன். 'பிள்ளைகள் தாங்கமாட்டார்' என்பர். அவர்கள் அதனை முன்னரே கேட்டுவிட்டனர். அரைகுறையாகக் கேட்டதைத்தான் தாங்கமாட்டார். 'பாடம் கெடும்' என்பர். அழுகையின் நிலைக்களனைக் கற்பதும், அடியளப்பதும், மடல் எழுதுவதும் பாடமல்லவா? 'விடுமுறை விடுவதே மதிப்பளித்தல்' என்பர். வெள்ளமோ கலவரமோ தெருவில் இருக்குமாயின் மூடுக, உயிர்க்காப்பே முதல். அவ்வாறன்றி வெறும் வழக்கத்திற்காக மூடுவது மதிப்பன்று, கைகழுவல்.

இனி, என் நெஞ்சைச் சுடும் ஒன்றைச் சொல்லி முடிக்கின்றேன். 2009 மே திங்களில் முள்ளிவாய்க்காலில் நம் இனத்தார் மாண்டனர். அப்போரின் இறுதித் திங்கள்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக் கூடும் என்று ஐ.நா. பொதுச்செயலர் அமர்த்திய வல்லுநர் குழு 2011-இல் கூறிற்று. அம்மேத் திங்களில் நம் பள்ளிகள் கோடை விடுமுறையில் இருந்தன. சூன் திங்களில் திறந்தோம். யான் வகுப்புக்குள் சென்றேன். பாடநூலைப் பிரித்தேன். முதற்பாடத்தைத் தொடங்கினேன். ஐந்தாண்டுக்கு முன் ஒரு மணிநேரம் கேட்டு வாங்கிய அதே ஆசிரியன், அன்று எவரிடமும் எதுவும் கேட்கவில்லை. அச்சமா, சோர்வா, சொல்லுக்கு அடங்காத் துயரா, யானே அறியேன். பின்வரிசையில் ஒரு மாணவன் கையை உயர்த்தி, எதையோ கேட்க வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துக் கையைத் தாழ்த்திக்கொண்டான். அத்தாழ்ந்த கை இன்றும் என் கண்முன் நிற்கின்றது. அவன் கேட்க வந்ததை இனி யான் அறியப் போவதில்லை. அதனாலேயே இதனை எழுதுகின்றேன்.

ஆசிரியத் தோழரே! துயர நாள் மீண்டும் வரும், வாராதிருக்க வேண்டுமென விழைவோம், ஆயினும் வரும். அன்று நீவிர் செய்ய வேண்டுவன இவை. முதலாவது, பிள்ளைகள் கேள்விப்பட்டதைக் கேளுங்கள். பின்னர் மெய்யை எளிய தமிழில் சொல்லுங்கள். இரண்டாவது, எவரையும் பேச வற்புறுத்தாதீர், பேசுவாரைத் தடுக்காதீர். மூன்றாவது, தெரியாததைத் தெரியாதென்று சொல்லுங்கள். நான்காவது, சினம் எளியார் மேல் பாயாமல் காத்து, அதன் உரிய இலக்கைக் காட்டுங்கள். ஐந்தாவது, கைக்கு ஒரு வேலை கொடுங்கள். அது சிறிதாயினும் மெய்யான வேலையாக இருக்கட்டும். ஆறாவது, மறுநாளும் கேளுங்கள்; அடுத்த ஆண்டு அதே நாளிலும் நினைவுகூருங்கள்.

குடந்தையில் ஆண்டுதோறும் சூலை 16-இல் பெற்றோர் தம் மக்கள் படங்களுக்கு முன் விளக்கேற்றுகின்றனர். அந்நாளில் தமிழ்நாட்டுப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் ஒரு மணிநேரம் பிள்ளைகள் தம் பள்ளியைத் தாமே சுற்றிவந்து, வாயில்களை எண்ணி, படிக்கட்டை அளந்து, அடுப்பைப் பார்த்து, குறை கண்டால் தமிழில் மடல் எழுதட்டும். அதற்கு அரசாணை வரும் வரை காத்திருக்க வேண்டா. வகுப்பறையின் திறவுகோல் நம் கையில் இருக்கின்றது.

துயர நாளில் பள்ளிக் கதவை அடைக்காதீர். உள்ளே ஒரு பிள்ளை கையை உயர்த்திக்கொண்டிருக்கக் கூடும்.